சட்டை உரிக்கும் பாம்பும் நம் வீட்டு அமானிதமும்



சென்ற மாதம் ஒரு தந்தை என்னிடம் மஸ்அலா ஒன்றைக் கேட்டார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் அவருடைய மகன், ‘பால் பைத்தான்’ எனப்படும் சிறு மலைப்பாம்பு ஒன்றை நண்பனிடமிருந்து வாங்கி வந்து, தன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறான். நான்கு மாதங்கள் பெரிய சிக்கலின்றிக் கழிந்தன. இப்போது பத்து நாள்களாக அது இரை எடுக்கவில்லை. மேனி மங்கிவிட்டது. இரு கண்களும் பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிட்டன. தொட்டால் சீறுகிறது. ‘குருடாகிவிட்டது’ என்கிறார் தாயார். ‘ஜின்னின் வேலை’ என்கிறார் பாட்டியார். ‘அடித்துப் போடுங்கள், நன்மையாவது கிடைக்கும்’ என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ‘ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்துவிடலாம்’ என்கிறார் மாமா. ‘ஹஜ்ரத், மார்க்கம் என்ன சொல்கிறது?’ என்பதே தந்தையின் கேள்வி.

அந்த நால்வர் கூற்றிலும் ஒன்றுகூடச் சரியன்று என்பதே என் கருத்து. அந்தப் பாம்பு குருடாகவுமில்லை, அதை எந்த ஜின்னும் தீண்டவுமில்லை. அது சட்டை உரிக்க ஆயத்தமாகிறது, அவ்வளவே. ஆனால் இந்தச் சிறு நிகழ்வுக்குள் நம் சமுதாயம் சிந்திக்க வேண்டிய செய்திகள் பல அடங்கியிருக்கின்றன. வெளிநாட்டுப் பாம்பு, பல்லி, ஆமை ஆகியவற்றை வீட்டில் வளர்க்கும் ஆசை நம் இளைஞர்களிடமும் நுழைந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளுக்குள் இத்தகைய பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டதை நாளேடுகளில் நாம் படித்திருக்கிறோம். ஆகவே இதனை ஒரு வீட்டுச் செய்தியாக மட்டும் கருதிக் கடந்துவிட முடியாது.

பாம்புக்கு நேர்வது என்ன?

பாம்பின் தோலுக்கு மேலே கெரட்டின் என்னும் பொருளால் ஆன உறை ஒன்று இருக்கிறது. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான் அது. உடல் வளரும்போது இந்த உறை கூடவே வளர்வதில்லை. ஆகவே அடியில் புதிய உறை உருவான பின்னர்ப் பழையது கழன்றுவிடுகிறது. நம் தோலும் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பாம்புக்கு அது தலை முதல் வால் வரை ஒரே துண்டாக நிகழ்கிறது. வேகமாக வளரும் குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். முதிர்ந்தவை ஆண்டுக்குச் சில முறையே உரிக்கும்.

இது ஓரிரு வாரங்கள் நீளும் நிகழ்வு. முதலில் மேனியின் பளபளப்புக் குறைகிறது. பழைய உறைக்கும் புதிய உறைக்கும் இடையே ஒருவகை நீர் சுரக்கிறது. பாம்புக்கு இமைகள் இல்லை. கண்ணை மூடியிருப்பது ஒளி ஊடுருவும் ஒரு செதில்தான். அந்தச் செதிலும் உரிய வேண்டியதே. ஆகவே அதன் அடியிலும் நீர் சுரந்து, கண் நீலம் கலந்த வெண்மையாகத் தோன்றுகிறது. சில நாள்கள் கழித்து அந்த நீர் வற்றிக் கண் மீண்டும் தெளிகிறது. ‘குணமாகிவிட்டது’ என்று வீட்டார் எண்ணும் அந்த நிலைக்குப் பிறகு, இரண்டு மூன்று நாள்களில், பாம்பு தன் மூக்கைக் கல்லிலோ மரக்கிளையிலோ தேய்த்து, வாயோரத்தில் உறையைக் கிழித்து, அதிலிருந்து ஊர்ந்து வெளியே வந்துவிடுகிறது. காலுறையை மேலிருந்து புரட்டிக் கழற்றினால் உட்புறம் வெளியே வருமல்லவா, அவ்வாறே சட்டையும் உட்புறம் வெளியாகக் கிடக்கும். உரியும்போது விரிவதால் அதன் நீளம் பாம்பின் நீளத்தைவிடச் சற்று அதிகமாகவும் இருக்கும்.

இந்த நாள்களில் பாம்பின் பார்வை திரையிட்டதுபோல் மங்கியிருக்கும். எது தன்னை நெருங்குகிறது என்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. ஆகவே மறைவிடத்தை நாடுகிறது, இரையை மறுக்கிறது, தொட வருவதை எதிரி என எண்ணிச் சீறுகிறது. அதைக் கோபம் என்று நாம் பெயரிடுகிறோம். உண்மையில் அது அச்சம்.

அரபு மொழி தரும் ஓர் அரிய செய்தி

மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் நடத்தும்போது ‘ஸலஹ’ என்னும் வினைச்சொல்லை விளக்க நேரும். உரித்தல் என்பது அதன் பொருள். பாம்பு உரித்துப் போடும் உறைக்கு ‘மிஸ்லாஹ்’ என்று அரபியர் பெயரிட்டார்கள். யாஸீன் சூராவின் 37 ஆம் வசனத்தில், இரவிலிருந்து பகல் நீக்கப்படுவதைச் சொல்வதற்கு அல்லாஹ் இந்த வினையையே கையாள்கிறான். பகலின் ஒளி, மெல்லிய உறை ஒன்று உரிவதைப் போல அகன்றுவிட, உள்ளிருந்த இருள் வெளிப்படுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு செய்தியில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் இயல்பை வியந்து, அவரைப் போலத் தாம் இருக்க விரும்பியதைச் சொல்லும்போதும் இந்த ‘மிஸ்லாஹ்’ என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அதாவது, அவருடைய சட்டைக்குள் தாம் இருக்க விரும்பியதாக.

நம் தமிழில் நாம் ‘பாம்புச் சட்டை’ என்கிறோம். ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களைப் புரட்டினால், அங்கும் இதற்கு ‘கமீஸுல் ஹய்யா’, அதாவது ‘பாம்பின் சட்டை’ என்றே பெயர். இரு மொழியினரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே சொல்லைச் சூட்டியிருக்கிறார்கள். பாம்பு சட்டை உரிப்பதை நம் முன்னோர் அஞ்சி ஓடாமல் உற்று நோக்கியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எகிப்தில் வாழ்ந்து கி.பி. 1405 இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் தமீரீ அவர்கள், உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்து, அவற்றின் இயல்பையும் சட்டங்களையும் ஒரே நூலில் எழுதி வைத்தார்கள். படைப்பை அறிவதும் மார்க்கத்தை அறிவதும் அவர்களுக்கு இரு வேறு வேலைகளாக இருக்கவில்லை.

அந்தச் சட்டை நஜிஸா என்ற கேள்விக்கும் இமாம்கள் விடை தந்திருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து, அது தூய்மையானது என்பது. ஷாஃபிஈ இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருள்ள பிராணியிலிருந்து வரும் வியர்வையைப் போன்றதே அது, ஆகவே தூய்மையானது என்றார்கள் சிலர். உயிருள்ள பிராணியிலிருந்து பிரிந்த பகுதி அதன் பிணத்தைப் போன்றதே என்ற விதியைக் கொண்டு, அது நஜிஸ் என்ற பக்கமே சாய்ந்தார்கள் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ அவர்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. ஆகவே தொழும் விரிப்பின் அருகிலும் உடைகளிலும் அது படாமல் பார்த்துக்கொள்வது பேணுதலுக்கு உகந்தது.

களைய வேண்டிய நம்பிக்கைகள்

பாம்புச் சட்டையைப் பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்று சொல்லிச் சிலர் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். தாயத்தில் அடைத்துக் கட்டுவோரும் உண்டு. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் இருக்க, ஒரு பிராணி கழற்றிப் போட்ட கெரட்டின் உறையிடம் பரக்கத்தை எதிர்பார்ப்பது ஈமானுக்கு அழகன்று.

அடித்த பாம்பு பழி வாங்கும், அதன் துணை தேடி வரும் என்பதும் அவ்வாறே. பழிவாங்கும் என அஞ்சிப் பாம்பை விட்டுவிடுவோரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. பாம்பு பால் குடிக்கும் என்பதும் தவறு. அது ஊன் உண்ணும் பிராணி. நோயுற்றதாக எண்ணிப் பால் ஊற்றுவது அதற்குத் தீங்கே தரும். கண் வெளுத்தால் ஜின் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. வீட்டில் பாம்பு இருந்தால் மலக்குகள் வரமாட்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நாயைப் பற்றி வந்த ஹதீஸை ஆதாரமின்றி வேறு பிராணிக்குப் பொருத்துவது சரியாகாது.

கொல்ல அனுமதி வேறு, வதைப்பது வேறு

‘பாம்பைக் கொல்லத்தானே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்? கொல்லத்தக்க பிராணிக்கு என்ன உரிமை?’ என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தீங்கு தரும் பாம்பைக் கொல்லலாம் என்பதில் ஐயமில்லை. தொழுகையில் இருக்கும்போதுகூடப் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதி வந்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் வந்த ஹதீஸ்கள் அனைத்தையும் ஒருசேரப் பார்க்க வேண்டும்.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்ட பாம்புகளையெல்லாம் கொன்று வந்தார்கள். வீடுகளில் வசிக்கும் பாம்புகளைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று அபூ லுபாபா (ரலி) அவர்கள் அறிவித்ததும் அதை நிறுத்திக்கொண்டார்கள். முதுகில் இரு கோடுகள் உடையதும், குட்டை வால் உடையதும் அத்தடையிலிருந்து விலக்கப்பட்டன. வீட்டுப் பாம்புக்கு முதலில் எச்சரிக்கை விடுமாறு கட்டளை வந்தது. அகழ்ப்போர்க் காலத்தில் தம் படுக்கையில் சுருண்டு கிடந்த பாம்பை ஈட்டியால் குத்திய புதுமணவாளர் ஒருவர், பாம்போடு சேர்ந்து மாண்டுபோன செய்தியை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த எச்சரிக்கை மதீனாவுக்கு மட்டும் உரியதா, எல்லா ஊர்களுக்கும் பொதுவா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். எவ்வாறாயினும், பாம்பு என்றாலே கம்பை எடு என்பது மார்க்கத்தின் குரல் அன்று என்பது தெளிவு.

மினாவில் ஒரு குகையில் வல்முர்ஸலாத் சூரா அருளப்பெற்ற வேளையில் பாம்பு ஒன்று வெளிப்பட்டது. கொல்லுமாறு கட்டளை வந்தது. தோழர்கள் விரைந்தார்கள். அதற்குள் அது தப்பிவிட்டது. அதன் தீங்கிலிருந்து நீங்கள் காக்கப்பட்டதைப் போலவே உங்கள் தீங்கிலிருந்து அதுவும் காக்கப்பட்டது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பாம்பின் பக்கமிருந்து பார்த்தால் நாமும் ஒரு தீங்குதான் என்பதை அந்தச் சொல் நினைவூட்டுகிறது.

மேலும், அறுக்கும்போதும் கொல்லும்போதும்கூட அதை அழகிய முறையில் செய்ய வேண்டும் என்பது ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. கொல்லும் வேளையிலேயே இத்தனை பேணுதல் வேண்டும் என்றால், கொல்லாமல் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கும் பிராணியின் விஷயத்தில் எத்தனை பேணுதல் வேண்டும்? பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். தானே தன் தேவையைத் தேடிக்கொள்ள முடியாதபடி ஒன்றை அடைத்து வைத்தவர், அதன் தேவைகள் அனைத்துக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். காட்டில் இருக்கும் பாம்பு, சட்டை உரிக்க ஈரமான பொந்தைத் தானே தேடிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எங்கே தேடும்?

சட்டை உரிக்கும் நாள்களில் செய்ய வேண்டியவை

முதலாவது, அதைத் தொடாதீர்கள். கண் வெளுத்த நாள் முதல் சட்டை முழுதும் கழலும் வரை கையில் எடுக்க வேண்டாம். புதிய தோல் மென்மையாக இருக்கும், எளிதில் காயப்படும். நண்பர்களை அழைத்து வந்து காட்டுவதும் படம் எடுப்பதும் அந்த நாள்களில் கூடவே கூடாது.

இரண்டாவது, ஈரப்பதம். சட்டை சரியாக உரியாமல் போவதற்கு முதன்மைக் காரணம் வறட்சியே. பால் பைத்தானுக்கு வழக்கமாக 50 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். உரிக்கும் நாள்களில் அதை 70 விழுக்காடு அளவுக்கு உயர்த்தலாம். சென்னை, நாகூர், காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் உண்டு என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. குளிரூட்டப்பட்ட அறையின் காற்று வறண்டுவிடும். வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஈரப்பதம் காட்டும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதே சரி. மூடியுள்ள சிறு பெட்டி ஒன்றில் பாம்பு நுழையும் அளவு துளையிட்டு, உள்ளே ஈரப் பாசியையோ நனைத்துப் பிழிந்த தாளையோ இட்டு வைத்தால் அதுவே பொந்தாகிவிடும். சொட்டச் சொட்ட நனைத்துவிடக் கூடாது. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் தோலில் புண் வரும்.

மூன்றாவது, உடல் முழுதும் அமிழும் அளவுக்கு அகன்ற கிண்ணத்தில் தூய நீரும், மூக்கைத் தேய்க்கச் சொரசொரப்பான கல்லோ மரக்கிளையோ இருக்கட்டும்.

நான்காவது, இரையைத் திணிக்காதீர்கள். பால் பைத்தான் வாரக்கணக்கில் இரையின்றி இருக்க வல்லது. உரிக்கும்முன் பத்து நாள் பசித்திருப்பதால் அது செத்துவிடாது. சட்டை கழன்று ஓரிரு நாள் ஆன பிறகு இரை கொடுத்தால் போதும்.

ஐந்தாவது, உரிந்த சட்டையை எடுத்துப் பாருங்கள். இரு கண்களின் மூடுசெதில்களும் வால் நுனியும் அதில் இருக்கின்றனவா? வால் நுனியில் பழைய உறை வளையம்போல் தங்கிவிட்டால், அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நுனியே அழுகிவிடக்கூடும். துண்டு துண்டாக உரிந்திருந்தால், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரைச் சிறிதளவு எடுத்து, தலை மூழ்காதபடி சிறிது நேரம் அதில் இருக்கச் செய்து, பிறகு ஈரத் துண்டுக்குள் அது ஊர்ந்து செல்ல விடுங்கள். பழைய உறை தானே கழலும். நகத்தால் பிய்க்காதீர்கள். கண்மேல் தங்கிய செதிலை இடுக்கியால் எடுக்க முயன்று கண்ணையே குத்திவிட்டோர் உண்டு. அது ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரின் வேலை.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். ஊர்வனவற்றின் உடலிலும் கழிவிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். பாம்பு நலமாகத் தோன்றினாலும் இது உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோர் அதையும் அதன் சட்டையையும் தொடாதிருப்பது நலம். தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கான எலியை வீட்டுக் குளிர்பெட்டியில் ஹலாலான உணவோடு சேர்த்து வைப்பது, சுகாதாரப்படியும் மார்க்கப்படியும் தகாது.

அப்படியானால் வளர்க்கலாமா?

இத்தனை விளக்கமும் பாம்பு வளர்க்க ஆர்வமூட்டுவதற்காக அன்று. என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: நம் பிள்ளைகள் பாம்பை விலைக்கு வாங்கி வளர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. காரணங்கள் நான்கு.

ஒன்று, வியாபாரம். பயனில்லாத ஊர்வனவற்றை விற்பது செல்லாது என்று சொல்லும் ஷாஃபிஈ நூல்கள், பாம்பையும் தேளையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகின்றன. மருந்து போன்ற பயன் இருந்தால் விற்கலாம் என்றார்கள் ஹனஃபி அறிஞர்கள் சிலர். கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது அத்தகைய பயனாகுமா? அதன் இரையிலும் சிக்கல் உண்டு. செத்த பிராணியைப் பிராணிக்கு உணவாக இடுவது தவறன்று. ஆனால் செத்ததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உறைய வைத்த எலிகளை மாதந்தோறும் விலைக்கு வாங்குபவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டு, அது துடிப்பதைப் படம் பிடித்து மகிழ்வதோ இன்னும் கொடியது. உயிருள்ள ஒன்றைக் கட்டி வைத்துக் குறி பார்த்து விளையாடியவர்கள் மீது சாபம் வந்திருப்பதை மறந்துவிடக் கூடாது. இவற்றில் ஐயமுள்ளோர் தத்தம் மத்ஹபின் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இரண்டு, நாட்டின் சட்டம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவுக்கு உரியது. அதன் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 2022 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 இல் விதிகள் வெளியான பின், இத்தகைய வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாக அரசிடம் பதிவு செய்ய வேண்டும். நண்பனிடம் ரொக்கம் கொடுத்துத் துணிப்பையில் வாங்கி வந்த பாம்புக்கு என்ன ஆவணம் இருக்கும்? நாம் ஏற்று வாழும் நாட்டின் சட்டத்தை மீறுவதும், கடத்தல்காரருக்குக் காசு கொடுப்பதும் ஒரு முஃமினுக்கு உகந்தவை அல்ல.

மூன்று, காலம். நன்கு பராமரித்தால் பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் உயிர் வாழும். பதினெட்டு வயதில் வாங்குபவன் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போவான், மணம் முடிப்பான், பிள்ளை பெறுவான். அத்தனை காலமும் அந்தப் பெட்டியின் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளப் போவது யார்? பெரும்பாலும் அவனுடைய உம்மாவாகத்தான் இருக்கும்.

நான்கு, உயிரின் இயல்பு. அபூ உமைர் என்ற சிறுவரிடம் ஒரு சிறு பறவை இருந்ததும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் பரிவோடு பேசியதும் நாம் அறிந்தவை. பிராணி வளர்ப்பை மார்க்கம் வெறுக்கவில்லை. ஆனால் கோழியும் ஆடும் பூனையும் மனிதனோடு பழகி வாழ்பவை. பாம்போ மனிதக் கையைப் பொறுத்துக்கொள்கிறதே தவிர, நாடி வருவதில்லை. நம் கண்ணின் இன்பத்துக்காக அதன் உலகத்தை நான்கடிப் பெட்டியாகச் சுருக்குவதற்கு நமக்கு என்ன அவசியம்?

ஆயினும், ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதை என்ன செய்வது? அடித்துக் கொல்வது நீதியன்று. அதனிடம் விஷமில்லை, தானாக வரவுமில்லை, நம் பிள்ளைதான் கொண்டு வந்தான். ஏரியில் விடுவதும் விடுதலையாகாது. இந்த மண்ணுக்கு உரியதல்லாத உயிர் ஒன்று பசியாலோ நோயாலோ சாகும். பிழைத்தால் இங்குள்ள உயிர்களுக்கு இடர் தரும். ஆகவே வனத்துறையினரை அணுகி, உண்மையைச் சொல்லி, அவர்கள் காட்டும் வழியில் நடப்பதே முறை. அதுவரை அந்த உயிர் நம் கையில் உள்ள அமானிதம். சட்டை உரிக்கும் இந்த வாரத்தில் அதற்கு ஈரமும் மறைவும் அமைதியும் தருவது அந்த அமானிதத்தின் ஒரு பகுதி. அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதிலும் இதுவே.

வளர்ப்புப் பாம்பு இல்லாத வீட்டின் விறகடுக்கிலோ ஓட்டிடுக்கிலோ சட்டை கிடந்தால், அருகில் பாம்பு ஒன்று நடமாடுகிறது என்று அதற்குப் பொருள். அச்சத்தால் கண்ட இடத்தில் கையை விடாதீர்கள். எலி வராதபடி வீட்டைத் தூய்மையாக வையுங்கள். இரவில் விளக்குடன் நடங்கள். பாம்பையே கண்டால் தீயணைப்பு மீட்புத் துறையினரை அழையுங்கள். கடி பட்டால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கட்டுப் போடாமல், கீறாமல், உடனே விஷமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பெற்றோருக்கு ஒரு சொல்

அந்த மகனைத் திட்டித் தீர்க்க வேண்டாம் என்றும் அவருடைய தந்தையிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு வாயில்லாப் பிராணியின் கண் வெளுத்ததைக் கண்டு உறக்கம் கெட்டவன் அவன். அந்த இரக்கம் அல்லாஹ் தந்தது. அதைச் சரியான திசையில் திருப்புவது நம் வேலை. விலங்கியல் படிக்கட்டும், கால்நடை மருத்துவம் பயிலட்டும். கிண்டி பாம்புப் பண்ணை 1972 முதல் இருக்கிறது. குடும்பத்தோடு சென்று, அங்கே பாம்புகளைப் பார்த்து, அவற்றைப் படைத்தவனின் ஆற்றலைச் சிந்திக்கட்டும். வயிற்றால் ஊர்ந்து செல்பவற்றையும் தன் படைப்பின் சான்றாகவே அல்லாஹ் நூர் சூராவில் குறிப்பிடுகிறான்.

வளரும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பருவம் வருகிறது. பேச்சுக் குறைகிறது, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், சாப்பாட்டை மறுக்கிறார்கள், தொட்டால் சீறுகிறார்கள். அந்த நேரத்தில் நகம் கொண்டு பிய்த்தால் உள்ளிருக்கும் புதிய தோலும் கிழிந்துவிடும். வீட்டில் ஈரமும் அமைதியும் இருந்தால் பெரும்பாலானவை தாமே கழலும். ஆனால் அமைதி காப்பது கவனியாமல் இருப்பதாகிவிடக் கூடாது. கழன்ற பின் எடுத்துப் பார்க்கவும் வேண்டும், எதுவும் இறுகித் தங்கிவிடவில்லையே என்று.

கழலக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அஃராஃப் சூராவின் 175 ஆம் வசனம், இறைவசனங்கள் அருளப்பெற்றிருந்தும் அவற்றிலிருந்து நழுவிப்போன ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. அங்கே வரும் சொல் ‘இன்ஸலஹ’. பாம்பு சட்டையிலிருந்து வெளியேறுவதைப் போல அவன் வெளியேறினான் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பாம்பு கழற்றுவது தனக்கு இனி உதவாத உறையை. அவன் கழற்றியதோ தன்னைக் காத்து நின்ற ஈமானை. நம் பிள்ளைகள் வளர வளர எத்தனையோ சட்டைகளைக் கழற்றலாம், அந்த ஒன்றைத் தவிர.

வாயில்லா உயிர்களிடம் இரக்கமும், பிள்ளைகளிடம் பொறுமையும், மார்க்கத்தில் நிலைத்தன்மையும் கொண்டோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.